அன்புச்செல்வி அக்கா பேசாத பேச்சு

மார்ச் 3, திங்கள்
நான் வேலை செய்யும் மந்தைவெளிக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் மக்கர் செய்ததால் சீக்கிரமே வந்துவிட்டேன். அடையாற்றங்கரையில் இருக்கும் எங்கள் நாற்பத்தோரு வீடுகளையும் காலி செய்யச் சொல்லி மறுபடி நோட்டீஸ். சங்கத் தலைவி அன்புச்செல்வி அக்கா எல்லோரையும் கூட்டினாள். "காலி பண்ண சம்மதம்னு தனியா எவளும் கையெழுத்து போடாதீங்க. போனா மொத்தமா போலாம், இருந்தா மொத்தமா இருக்கலாம்." என் பிரசவத்தின்போது மூன்று நாள் எனக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவள் சொன்னால் சரி.

மார்ச் 6, வியாழன்
வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஓர் ஆடியோ போட்டிருக்கிறார்கள். அக்காவின் குரல். "நான் கையெழுத்து போட்டுட்டேன். எனக்கு ரெண்டு வூடு குடுக்கறாங்க. மத்ததுங்க எங்கனா போவட்டும், எனக்கு இன்னா?"
பத்துத் தடவை கேட்டேன். அதே கரகரப்பு. மூச்சு வாங்கும் இடம்கூட அவளுடையதுதான். இத்தனை வருஷமும் நடிப்பா?

மார்ச் 7
அக்கா வந்தாள். "சரண்யா, அது நான் பேசலடி."
"உன் குரல் எனக்குத் தெரியாதாக்கா?"
முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. திரும்பிப் போனாள். போகட்டும்.

மார்ச் 10
கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னையும் சேர்த்து இருபத்தாறு வீடு.

மார்ச் 19, புதன்
கல்யாண அழைப்பு வீடியோ செய்ய ஒருவர் கடைக்கு வந்தார். பெண்ணின் அப்பா போன வருஷம் இறந்துவிட்டாராம். அவர் குரலிலேயே அழைக்க வேண்டுமாம். முதலாளி ஷஃபியுல்லா பாய் பழைய ஆடியோவில் அரை நிமிஷம் எடுத்தார், வாசகத்தை டைப் செய்தார். செத்துப்போன மனிதர் மகள் பெயரைச் சொல்லி, "குடும்பத்தோட வாங்க" என்றார். வந்தவர் அழுதுவிட்டார்.
"எப்படி பாய்?"
"ஏஐ மா. கொஞ்சம் குரல் கிடைச்சா போதும், எதை வேணா பேச வைக்கலாம். ஃபோன்லயே வருது. தெரியாதா?"
தெரியாது. எனக்கு மட்டுமா, எங்கள் ஆற்றங்கரையில் ஒருத்திக்கும் தெரியாது. அக்கா போன மாதம் யூடியூப் சேனலுக்குப் பத்து நிமிஷம் பேட்டி கொடுத்தாள். அதிலிருந்து யார் வேண்டுமானாலும் அவள் குரலை எடுத்திருக்கலாம்.
என் காதே எனக்குத் துரோகம் செய்துவிட்டது. இல்லை — காது என்ன செய்யும்? நான்தான்.

மார்ச் 20
பாயிடம் கேட்டு என் குரலில் ஒன்று செய்து வாங்கினேன். தண்ணீர் லாரி வந்தபோது குடத்தோடு நின்றவர்களிடம் போட்டேன். "சுப்பம்மா தெனம் ரெண்டு குடம் அதிகமா புடிக்கிறா."
பக்கத்து வீட்டு சுப்பம்மா பாய்ந்து வந்தாள். "நான் எப்போடி புடிச்சேன்?"
"நான் சொல்லவே இல்லம்மா. மெஷின் சொல்லிச்சி."
"அப்போ அன்பு பேசினது?"
"அதுவும் இப்படித்தான்" என்றேன்.

மார்ச் 21
அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.
"மெஷினு பொய் சொல்லிச்சி, சரி. ரெண்டு வூடு தள்ளிதானே கீறேன். வந்து ஒரு வார்த்தை கேட்டியா? நானா வந்து சொன்னப்பவும் நம்பலியே."

மார்ச் 28
போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாதாம்.

ஏப்ரல் 27, ஞாயிறு
ஊருக்கு வெளியே, அரசு கொடுத்த ஏழாவது மாடி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். கையெழுத்துப் போடாத பதினைந்து வீடு இன்னும் ஆற்றங்கரையில், அக்கா வீடும்தான். நேற்று அவளிடமிருந்து ஓர் ஆடியோ. "லாரியாண்ட காட்டினியே, அத்த பக்கத்து நகர் பொம்பளைங்களுக்கும் காட்டணும். நாளைக்கு வா." ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. காலையில் இரண்டு பஸ் மாறிப் போனேன்.
"இதை நீதான் அனுப்பினியாக்கா?"
"இத்த கேக்கவா இவ்ளோ தூரம் வந்தே?"
"ஆமா."
நேராகப் பார்த்தாள். "நான்தான்."
முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். முன்னால் போய் நின்று ஃபோனை எடுத்தேன். அக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.