பெரிய மழை விட்டதும்

15-6-1980, ஞாயிறு

இன்றும் மழை இல்லை. மேற்கிலிருந்து காற்று மட்டும் விடாமல் அடிக்கிறது. சோலையம்மாள் அக்கா வீட்டுத் தகரம் தடதடத்துக்கொண்டே இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் என்றால் இந்நேரம் மழையில் லயத்து வாசலில் கால் வைக்க முடியாது.

'எங்கள் தோட்டம்' என்று கை தானாக எழுதிவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேத்துப்பாறைதான் இனி நம் ஊர் என்கிறாள் அம்மா. சோலையம்மாள் அக்கா பூண்டு காய வைக்கும் அறைதான் எங்கள் வீடு. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பூண்டு. என் சட்டையில், சடையில், புத்தகத்தில் எல்லாம் அந்த வாசம்தான்.

அம்மா தூங்கிவிட்டாள். சிமினி விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். பார்த்தால் அடி விழும். எண்ணெய் வீணாவதற்காக அல்ல. அப்பாவைப் பற்றி எழுதுவதற்காக. வரப்போகிற மனுசனைப் பற்றிக் கதைத்தால் வரவு தட்டிப்போகும் என்பாள். எழுதினாலும் தட்டுமா? யாரிடம் கேட்பது?

இன்று நல்லுசாமி மாமா வந்தார். எங்கள் பழைய தோட்டத்துக்காரர். போன வாரம்தான் கப்பலில் வந்திறங்கி, வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கும் வேலைக்கு மன்னவனூர் பக்கம் போகிறார். அம்மாவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் வந்தபோது அப்பாவுடையது மட்டும் வரவில்லை. இப்போது வந்துவிட்டதாம். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"பெரிய மழை விட்டதும் வந்துருவேன்னு சொல்லச் சொன்னாரு தங்கச்சி."

அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டார். அம்மா அவர் குடித்த தம்ளரை மறுபடி மறுபடி கழுவினாள். பிறகு தனக்குத்தானே சொன்னாள்: "அப்ப மாதா திருநாளுக்கு வந்துருவாரு."

எங்கள் தோட்டத்தில் வைகாசியில் பிடிக்கிற மழை ஆவணியில்தான் தளரும். அம்மா பிறந்ததிலிருந்து பார்த்த மழை அது.

18-7-1980

பூகோளத் தேர்வுத் தாள் கொடுத்தார்கள். கொடைக்கானலில் பெருமழை பெய்வது எப்போது, காரணம் என்ன என்பது கேள்வி. ஆனி, ஆடி என்று எழுதியிருந்தேன். தென்மேற்கிலிருந்து வரும் காற்று கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலையில் மோதும், மேலே ஏறிக் குளிர்ந்து கொட்டும் என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். எழுதும்போது லயத்துக் கூரைச் சத்தம்கூடக் காதில் கேட்டது.

இசபெல்லா டீச்சர் தாளைத் தூக்கிக் காட்டினார். "காரணமெல்லாம் சரியா எழுதியிருக்க லீமா. எந்த ஊரு மழைய எழுதியிருக்க?"

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏ சிலோனு, இந்தா சன்னல் வழியாப் பாரு, வெயிலு" என்றாள்.

டீச்சர் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தார். "அந்தக் காத்து தண்ணியோடதான் வருது. ஆனா மலையாளத்துப் பக்கத்துலயே கொட்டிருது. நம்ம பக்கம் வர்றப்ப பாதிக்கொடம்தான். ஐப்பசியில காத்து திரும்பும், வடகிழக்குல இருந்து வரும். அப்பத்தான் நம்மளுக்குப் பெரிய மழை. ஒரே மலைதான். நீ எந்தப் பக்கம் நிக்கறங்கறதுதான் கணக்கு."

எனக்கு மதிப்பெண் போனது பெரிதாகத் தெரியவில்லை. நான் இன்னும் அந்தப் பக்கமே நிற்கிறேனா என்று பயமாக இருந்தது.

2-8-1980

தூக்கம் வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை. ஆனாலும்—

மழை நாளில் அப்பா வேலை முடிந்து வருவது. தலையில் மழைக்குப் போட்ட கம்பளிக் கொங்காணி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, காலில் ஒட்டிய அட்டைகள். அம்மா உப்புத் துணியால் அவற்றைத் தட்டிவிடுவாள். அவர் அடுப்புக்கு முதுகு காட்டி நிற்பார், மேலெல்லாம் ஆவி எழும்பும். "அப்பா வேகுறாரு" என்று நான் சொல்வேன். தினமும் அதே வேடிக்கை. தினமும் சிரிப்பார். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக்கொண்டு பால் இல்லாத சாயத்தண்ணி குடிப்போம். மழைச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அதனால் எல்லாரும் கத்திப் பேசுவோம். அங்கே யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது.

இங்கே குளிர் மட்டும் அதே மாதிரி. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதானாம். கண்ணை மூடிக்கொண்டால் குளிர் என்னை ஏமாற்றுகிறது. பிறகு பூண்டு வாசம் வந்து எழுப்பிவிடுகிறது.

9-9-1980

மாதா திருநாள் நேற்று. கடைசி பஸ்ஸிலும் இல்லை.

28-9-1980

அம்மா பஸ் சத்தம் கேட்டால் இப்போது தலை தூக்குவதில்லை. காலையில் பூண்டுத் தோட்டத்து வேலையில் சோலையம்மாள் அக்கா விளையாட்டாகக் கேட்டார்: "என்ன கித்தேரி, ஒம் வீட்டுக்காரரு கப்பல்ல வாராரா, நீந்தி வாராரா?" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு வரப்போரம் போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? எழுதக் கூடாது. அடித்துவிட்டேன். அடித்தாலும் தெரிகிறது.

19-10-1980

ஆயக்குடியிலிருந்து அலெக்சாண்டர் மாமா வந்தார். அம்மாவுக்குப் பெரியப்பா மகன். ஒரு பை கொய்யாப்பழம். நான் வெளியே பழம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார், ஆனால் அவருக்குத் தாழ்ந்த குரலே கிடையாது.

"சொல்லிவிட்ட மழையும் போயி அடுத்த மழையும் வந்துருச்சு. அவன் அங்கனயே ஒருத்தியச் சேத்துக்கிட்டா ஒனக்குத் தெரியவா போகுது? இங்க குளிருல கெடந்து சாகுறதுக்கு, கீழ வா. கொய்யாத் தோப்புல வேல இருக்கு. என் மச்சான் ஒருத்தன் பாலசமுத்திரத்துல இருக்கான், நல்ல பையன். புள்ளைய அவனுக்குக் குடுத்துரலாம்."

"ஒன்பதாவதுதான்ணே படிக்குது."

"படிச்சு?"

கிறிஸ்மஸ் முடிந்ததும் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு—

பழத்தைத் தின்ன முடியவில்லை. அந்த வாசம் அறையில் பூண்டையும் மீறி நிற்கிறது.

2-11-1980

இங்கத்துப் பெரிய மழை வந்துவிட்டது. காற்று திரும்பிவிட்டது, டீச்சர் சொன்னது போலவே. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு பஸ் வரவில்லை, பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. சட்டிகளை வைத்திருக்கிறோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அம்மா விழித்தே படுத்திருந்தாள். எனக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் கத்திப் பேசியிருக்கலாம்.

16-11-1980, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நல்லுசாமி மாமாவைப் பார்த்தேன். சாமான் வாங்கக் கொடைக்கானலுக்கு வந்திருந்தார். அம்மா உள்ளே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள். பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்: "மாமா, அப்பாவ நீங்க கடைசியா லயத்துல பாத்தப்ப நல்லாத்தான இருந்தாரு?"

"லயத்துலயா? அவரு எங்க புள்ள நம்ம தோட்டத்துல இருந்தாரு? போன வருசமே பதுளப் பக்கம் மாத்திட்டாங்களே. நான் கோச்சி ஏறுறப்ப ஸ்டேசன்ல வந்து பாத்தாரு. அங்கத்து மழ வேல முடிஞ்சாத்தான் கணக்குத் தீத்து விடுவாங்களாம். ஒங்கம்மாகிட்டச் சொன்னேன்ல?"

"இல்ல மாமா."

"சொல்லலையா? பஸ்ஸுக்கு ஓடுனனா, அதுல விட்டுப்போச்சு போல." பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். அவருக்கு அது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பள்ளி வரைபடத்தை எடுத்தேன். இலங்கையின் நடுவில் பழுப்பாக மலை. எங்கள் பழைய தோட்டம் மேற்கு முகத்தில். பதுளை கிழக்கு முகத்தில். ஆனி ஆடியில் அங்கே பாதிக்கொடம். காற்று திரும்பிய பிறகுதான் அந்தப் பக்கம் நனையும். ஐப்பசியில் பிடித்து, தை வரைக்கும்.

ஆவணியில் விட்டது அம்மாவின் மழை. அப்பாவின் பெரிய மழை இன்னும் விடவே இல்லை. இப்போதுதான் பெய்கிறது!

வங்கக் கடலைத் தாண்டி வருகிற இதே காற்றுதான் அவரையும் நனைக்கிறது, எங்கள் சட்டியையும் நிரப்புகிறது. இன்று இரவு நாங்கள் ஒரே மழையில் இருக்கிறோம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவரைப் பற்றிக் கதைக்கக் கூடாதே. சொன்னால் வரவு தட்டும். சொல்லாவிட்டால் ஆயக்குடி.

23-11-1980

சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கினால் காரணம் சொல்லத் தேவையில்லாத வேலை என்று அந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். காற்று, கடல், மலையின் இரண்டு முகம், எல்லாம். அப்பா என்ற சொல்லைச் சொல்லாமலே சொல்லி முடித்தேன்.

அடிக்கவில்லை. வரைபடத்தைத் தள்ளிவிட்டாள். "பொஸ்தகத்துல இருக்கறது மழ. மனுசன் இல்ல."

நான் அழுதேன். அவள் உரித்துக்கொண்டே இருந்தாள்.

படுத்த பிறகு, வெகுநேரம் கழித்து, இருட்டில் அவள் குரல்: "அந்தப் பக்கம் எப்ப விடும்னு போட்டிருக்கு?"

"தையிலம்மா."

28-12-1980

மாமா வந்தார். நான் அறைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "பூண்டு நட்டிருக்குங்கண்ணே. களை எடுத்துக் குடுத்துட்டு வாரோம்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"ஒன் பூண்டா அது?"

"வாக்கு என்னோடதுண்ணே."

"தை முடியட்டும். அதுக்கு மேல நான் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன், ஆமா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சோலையம்மாள் அக்கா எட்டிப் பார்த்து, "களைய நான் எப்ப கித்தேரி ஒன்னய எடுக்கச் சொன்னேன்?" என்றார். அம்மா அவரைப் பார்த்தாள். அக்கா, "சரி சரி, கெடக்கு நெறைய" என்று போய்விட்டார்.

11-1-1981

காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி. வானம் கழுவி வைத்தது போல இருக்கிறது. இங்கே மழை சுத்தமாக விட்டுவிட்டது. அங்கே? அங்கே இன்னும் பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, விட வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா? விட்டும் அவர் வராவிட்டால்? மழை பெய்கிறவரை ஒரு காரணமாவது இருக்கிறது.

25-1-1981

அம்மா களை எடுத்த பாத்தியையே மறுபடியும் எடுக்கிறாள்.

8-2-1981, ஞாயிறு

இன்று விளக்கைத் தாழ்த்தவில்லை. அறையில் இடம் போதவில்லை என்று பூண்டுக் கொத்துகளைச் சோலையம்மாள் அக்கா தன் வீட்டுக்கே எடுத்துப் போனார். போகும்போது, "நீந்தித்தான் வந்துருக்காரு, எளச்சுப் போயிட்டாரு பாரு" என்றார். அம்மா சத்தமாகச் சிரித்தாள். லயத்தில் சிரிப்பது போல.

மூன்று தம்ளர் கழுவினேன். உள்ளங்கையில் சீனி வைத்துக்கொள்ள அவர் மறக்கவில்லை. தலை பாதி நரைத்துவிட்டது. பழைய தோட்டத்து மழையைப் பற்றி அவரும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். பதுளைப் பக்கத்து மழை அவ்வளவு நன்றாக இல்லையாம். அது வேறு மழையாம், அதில் யாரும் கூட இல்லையாம்.

அடுப்புக்கு முதுகு காட்டி நின்றார். ஈரம் இல்லை, ஆவி எழும்பவில்லை. ஆனாலும் நான் சொன்னேன். ஆனாலும் சிரித்தார்.

பிறகு பூண்டு தொங்கிய கயிறுகளை அண்ணாந்து பார்த்தபடி கேட்டார்: "இங்க பெரிய மழ எப்ப புள்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்:

"ஐப்பசியிலதான். இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள நீங்க அந்தக் கூரையப் பாக்கணும், மூணு எடத்துல ஒழுகுது."