பிரிக்காத தந்தி

1971 மே 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். விசிறினால் சூடுதான் வருகிறது. மெட்ராஸ் பயணம் முடிவாகிவிட்டது! அப்பா, அம்மா, நான். அங்கே நாலே நாள் தங்கல். அண்ணன் அங்கே வேலைக்குப் போய் ஒன்பது மாதம். அம்மா அவனைப் பார்த்தும் ஒன்பது மாதம். தங்க இடம் பார்க்கச் சொல்லிப் போன வாரமே அவனுக்குக் கடிதம் போட்டாயிற்று.

பார்க்க வேண்டியவை: கடற்கரை (இரண்டு தரம்), மியூசியம், மிருகக்காட்சி சாலை, பதினாலு மாடிக் கட்டடம், ஏரோப்ளேன் இறங்குவது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அவன் சாப்பிடுற ஓட்டலப் பாக்கணும். பிள்ளைக்கு என்னத்தப் போடுறீகன்னு கேக்கணும்." ஓட்டல்காரர் பாவம்.

மே 6, வியாழன்

அண்ணனுக்கு முறுக்கு. என் நீலப் புடவைக்கு பார்டர் தைக்க வேண்டும். பெட்டிக்குப் பூட்டு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா: "கழுத்துல கெடக்கறதக் கழட்டி வச்சிட்டுப் போ ஆத்தா. மெட்ராசுல பஸ்சுலயே அத்துருவானுகளாம்." இந்த அக்கா தேனியைத் தாண்டியதில்லை.

மே 8, சனி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

டைப் வகுப்பு முடிந்து பன்னிரண்டுக்கு வந்தேன். வாசலில் கூட்டம். உள்ளே பெண்கள் தலையை விரித்துப் போட்டு அழுகை. அப்பா தலையில் துண்டு. அம்மா நினைவில்லாமல் கிடக்கிறாள். பக்கத்தில் தரையில் ஒரு தந்தி. பிரிக்கவே இல்லை!

பத்து மணிக்கு வந்ததாம். எங்கள் தெருவில் சாவைத் தவிர வேறு சேதிக்குத் தந்தி வந்ததில்லை. மெட்ராஸ் தந்தி என்றால் அண்ணன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவருக்கும் பிரிக்கத் தைரியமில்லை.

நடுவில் அனுமந்தன்பட்டி அத்தை. அப்பாவின் அக்கா. பதினோரு வருஷமாக எங்கள் படி மிதிக்காதவர். யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி, அடித்துப் பிடித்து வந்திருக்கிறார். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி:

"பத்து மாசம் நாஞ்சுமந்து
தம்பி வீட்டில் தந்தேனே
அத்தையின்னே கூப்பிட்டியே
ஆத்தான்னு கேக்கலையே!"

தந்தியைப் பிரித்தேன். இங்கிலீஷில் ஒரே வரி. அறை கிடைத்தது, பன்னிரண்டாம் தேதி புறப்படுங்கள். "அண்ணன் நல்லா இருக்கான்!" என்று கத்தினேன்.

அழுகை நின்றது. அப்புறம்தான் அத்தை என்ன பாடினார் என்பது எல்லோருக்கும் உறைத்தது. எனக்கும். அத்தை கொண்டையை முடிந்துகொண்டு எழுந்து போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மே 9, ஞாயிறு

சோறு அப்படியே இருக்கிறது.

அப்பாவை விடவில்லை, கேட்டுவிட்டேன். "எட்டு வருசமா எங்களுக்குப் பிள்ளை இல்ல. அக்காவுக்கு நாலு. அஞ்சாவதை முப்பதாம் நாள் உங்கம்மா மடியில கொண்டாந்து வச்சாக." அண்ணன் எட்டாவது படிக்கும்போது அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாராம் அத்தை. சொல்வதாக இருந்தால் இந்தப் படி ஏறாதீர்கள் என்றாளாம் அம்மா. அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

என் அண்ணன்! நாலு வருஷம் கழித்துப் பிறந்த நான்தான் இவர்கள் பெற்றது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லோர் மேலும் கோபம்.

மே 10, திங்கள்

மதியம் கொஞ்சம் தூறல். பெட்டி திறந்தபடி கிடக்கிறது.

அத்தை கொல்லைப்புற வாசல் வழியாக வந்தார். உள்ளே வரவில்லை. "ஒங்க கூட வந்து ஒரே ஒரு தடவ அவனப் பாத்துட்டு வந்துருறேன். வாயத் தொறக்க மாட்டேன், தம்பி மேல சத்தியம்." அம்மா ஆட்டுக்கல்லை விட்டு எழவே இல்லை. அத்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். கல்நெஞ்சு என்று அம்மாவை மனதுக்குள் திட்டினேன்.

விளக்கு வைத்ததும் அம்மா கூப்பிட்டாள். "அண்ணனுக்குக் காயிதம் எழுது. அம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்ல, வரல. அத்தை வாராகன்னு எழுது."

அம்மாவுக்கு உடம்பில் ஒன்றுமில்லை. "ஏம்மா, நீயும் வந்தா என்ன?"

"நான் அங்கன நின்னா, அவுக அவனத் தொடக்கூட மாட்டாக."

எழுதினேன்.