காலடி எந்தப் பக்கம்

செப்டம்பர் 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மேகம் கூடி வந்து, வாணியம்பாடியை எட்டிப் பார்த்துவிட்டு ஆம்பூர்ப் பக்கம் போய்விட்டது. அங்கேயும் பெய்யவில்லை. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனி வாசலில் வழக்கம்போலப் புழுதி.

செய்யவேண்டியவை: சரக்கு வாங்கும் ஜெர்மன் பையருக்கு சாம்பிள் பூட்ஸ் பார்சல். டெய்லரிடம் ஜாக்கெட். நசீமாவிடம் என் குடை.

நசீமா கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே ஒரே குதியாட்டம். "தி.பூ. டிசம்பர்ல வருதாம்டி!" தி.பூ. என்றால் திருட்டுப் பூனை. இரண்டு பேரும் ஒரு வருடமாகக் காத்திருக்கும் கம்ப்யூட்டர் கேமுக்கு நாங்களே வைத்த பெயர். அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாது. ஒரு துறைமுக ஊர், அதில் ஒரு திருடி. அவளை வளர்ப்பது நம் கையில். வாய் பேசி ஏமாற்றுகிறவளாக, கத்தி எடுக்கிறவளாக, அல்லது யார் கண்ணிலும் படாமல் போய் வருகிறவளாக. நாங்கள் மூன்றாவது கட்சி. கத்தி எல்லாம் நசீமாவின் அண்ணனுக்கு.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் நெட்டில் பார்த்தோம். கேம் செய்கிறவர்களே நடத்தும் ஃபோரம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். புதுச் செய்தி: காவல்காரன் வருவதைக் காட்டத் திரையில் ஒரு அடையாளமும் இருக்காது. காலடிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். இடப்பக்கம் கேட்டால் இடப்பக்கம் வருகிறான். ஹெட்போன் கட்டாயம்.

"இதான்டி வேணும்!" என்று மேஜையைத் தட்டினாள். நானும் நன்றாயிருக்கிறது என்றேன்.

நன்றாயில்லை. இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். ஆறாவது படிக்கும்போது பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தபோது வலது காதும் போயிருந்தது. இடது காது நன்றாகக் கேட்கும். அதனால் சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியாது. ரோட்டில் யாராவது எஸ்தர் என்று கூப்பிட்டால் நாலு பக்கமும் திரும்புவேன். வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. நசீமாவுக்கும்.

செப்டம்பர் 8, புதன்

வெயில். ஜாக்கெட் தயாராகவில்லை. "நாளைக்கு வாம்மா."

ஃபோரமில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. 'அடையாளம் வேண்டாம்' கட்சி பெரியது, அதில் சத்தமாகப் பேசுகிறவள் நசீமா. எங்கோ இருக்கும் ஆட்களெல்லாம் அவளுக்குச் சபாஷ் போடுகிறார்கள். 'சின்னதாக ஒன்று இருக்கட்டுமே' கட்சியில் நான், இன்னும் சிலர். எழுதுவது போதாதென்று டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நேரிலும் சண்டை.

"ஸ்பீக்கர் இல்லாதவங்க இன்னா பண்ணுவாங்க?" என்றேன்.

"வாங்கிக்கட்டும்."

"வீட்ல எல்லாரும் தூங்குனா?"

"அதுக்குத்தான் ஹெட்போன்."

"திரை ஓரத்துல ஒரு சின்ன விளக்கு எரிஞ்சா இன்னா கெட்டுப்போச்சு?"

"திருடி தலையில விளக்கு கட்டிக்கினா போவா? பயமே போய்டும்டி. இருட்டு. காலடிச் சத்தம். யாரோ வர்றான். எந்தப் பக்கம்னு தெரியல. அந்த ஒரு நிமிஷம் இருக்கு பாரு..."

எனக்கு அந்த நிமிஷம் தினமும் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வருகிறது. பதிலுக்கு ஊறுகாய் கேட்டேன்.

பின்னால் மேனேஜர் வந்து நின்றது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "காலடிச் சத்தமா? பையர் கம்ப்ளெய்ன்ட்டா? எந்த ஷூ சத்தம் போடுது?"

நசீமா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அதைத்தான் சார் பாத்துக்கினு இருக்கோம்."

சாப்பாட்டு நேரத்திலும் வேலை பார்க்கிறோம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பலன்: மத்தியானம் முழுக்க என்னை சாம்பிள் பூட்ஸ் போட்டு ஹாலில் நடக்கவிட்டார். சைஸ் பெரியது. குதிகால் எரிகிறது. ஒரு ஜோடியும் சத்தம் போடவில்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு

சர்ச் முடிந்து அப்படியே நசீமா வீட்டுக்கு. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் தி.பூ.வின் முதல் கட்டம் மட்டும் இருக்கிறது, வெளிவருவதற்கு முன்னால் ருசி பார்க்க. அவள் அண்ணனின் கம்ப்யூட்டர். அவர் சென்னையில் வேலைக்குப் போனபிறகு அது இவள் ராஜ்யம். அவள் அம்மா, எல்லாருக்கும் அம்மீ, குஸ்கா செய்துகொண்டிருந்தார். வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்தது.

முதலில் நசீமா. சுங்க மாளிகை, நீள நீளமான வராந்தா, நடுவில் ஒரு சந்திப்பு. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "வலப்பக்கம். போறான். போய்ட்டான்." திருடி இடப்பக்கம் நழுவினாள். சாவி கிடைத்தது. கையைத் தட்டிக்கொண்டாள்.

அடுத்து நான். ஹெட்போனில் வலது பக்கத்துக் குமிழ் சும்மா காதை அமுக்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கேட்டால் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வலது பக்கத்தில் வருகிறவன் எனக்கு வரவே இல்லையே, நேராக அவன் கையில் போய் விழுந்தேன். மறுபடியும். மறுபடியும்.

நசீமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேணும்னே போய் மாட்டிக்கிறியா? இவ்ளோ சத்தமா வர்றான், செவுடாடி நீ?"

அவள் சும்மாதான் சொன்னாள். தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தையைச் சும்மா சொன்னவர்கள் இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். தலை வலிக்கிறது என்று கிளம்பிவிட்டேன். அம்மீ வாசல்வரை ஓடிவந்து குஸ்காவை டப்பாவில் கொடுத்தார்.

வீட்டில் சாப்பிட்டேன். கோபத்திலும் நன்றாயிருந்தது. அதனாலும் ஒரு கோபம்.

செப்டம்பர் 13, திங்கள்

லேசான தூறல். பஸ்ஸில் வேறு சீட். நசீமா ஜன்னல் வழியாக தோல் பதனிடும் டேனரிச் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தாள், அதில் என்னவோ எழுதியிருப்பதுபோல.

ஃபோரமில் அவள் எழுதியிருக்கிறாள்: விளக்கு கேட்பவர்கள் சின்னப் பிள்ளை கேம் ஆடப் போகலாம். என் பெயர் இல்லை. எனக்குத்தான்.

ஜாக்கெட் வந்தது. கை டைட்.

செப்டம்பர் 15, புதன்

எழுதவேண்டியது நிறைய. கையே ஓடவில்லை, சிரிப்பு வேறு.

சாம்பிள் ரூமில் நானும் நசீமாவும் மட்டும். பூட்ஸுக்கு டேக் கட்டிக்கொண்டிருந்தோம். அவளே ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை இன்னா ஆச்சு உனக்கு? குஸ்காவுல உப்பு ஜாஸ்தியா?"

"குஸ்கா நல்லா இருந்துச்சு."

"அப்புறம்?"

சொல்லிவிட்டேன். பொன்னுக்கு வீங்கி, காது, பள்ளிக்கூடம், எல்லாம். கையில் இருந்த டேக்கைப் பார்த்தபடியே சொன்னேன். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் பரிதாபம் இருக்கும் என்று பயம். பரிதாபம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற முகம்.

"எந்தக் காது?"

"வலது."

"பஸ்ல நீ எப்பவும் இடப்பக்க சீட்டுக்கு ஓடுறது அதுக்குத்தானா?"

"ஆமா. அங்க நீ ஜன்னலோரம் உக்காந்தா நல்ல காதுப்பக்கம் வருவே."

"இடம் இல்லாம வலப்பக்கம் உக்காந்தா?"

"பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

அவள் டேக்கைக் கீழே போட்டாள். "போன மழைக்காலத்துல வலப்பக்கம் உக்காந்தோமே, பேரணாம்பட்டு மாப்ள விஷயம் சொன்னேனே?"

"எந்த மாப்ள?"

"அல்லாவே! வேணாம்னு சொல்லிடட்டுமான்னு உன்னைக் கேட்டேன். நீ நல்லா தலையாட்டுன!"

"கேக்கலைன்னா எல்லாத்துக்கும் தலையாட்டிடுவேன் நசீமா."

"நீ ஆட்டுனேன்னுதான்டி நான் வீட்டுக்குப் போய் அம்மீகிட்ட அடிச்சுச் சொன்னேன். எஸ்தரே வேணாம்னுட்டான்னு!"

ஒருத்தியின் கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன், அது தெரியாமலே அன்றைக்குக் காராபூந்தி சாப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. அவளோ பூட்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"அழாதடி. அவன் கட்டிக்கினு துபாய் போய்ட்டான். பொண்டாட்டி இங்க மாமியாருக்குக் கால் அமுக்கிக்கினு கீறா. நீ மட்டும் ஒழுங்கா கேட்டிருந்தா, யோசிச்சுச் சொல்லுன்னு அறிவுரை சொல்லியிருப்பே. நான் மாட்டியிருப்பேன்!"

அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று. அம்மாதான் வேண்டாம் என்றார், பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போய்விடும் என்று, என்றேன்.

"நானா உன்னைப் பொண்ணு பாக்க வந்தேன்?"

ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டாள். அதை மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.

செப்டம்பர் 16, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன், நசீமாவுக்குத் தெரியும் என்று. சாம்பார்க் கரண்டி பாதியில் நின்றது.

"அது யார்கிட்டயாச்சும் சொல்லிடப் போவுதுடி."

"சொல்லட்டும்மா. எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கு."

ராத்திரி ஜெபத்தில் எங்கள் பெயர்களெல்லாம் முடிந்தபிறகு, அம்மா கொஞ்சம் இடைவெளி விட்டு, "நசீமாவையும் ஆசீர்வதியும்" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா திறக்கவில்லை.

செப்டம்பர் 18, சனி

அரை நாள் வேலை. மேனேஜர் வேலூர் போய்விட்டார். கம்ப்யூட்டர் எங்களுடையது.

ஃபோரமில் எழுதவேண்டும் என்று நசீமா பிடிவாதம். அதுவும் அவளே எழுதுவாளாம், கட்சித் தலைவி என்ற முறையில். காது என்னுடையது, நான்தான் எழுதுவேன் என்றேன். அதற்கும் ஒரு சண்டை. கடைசியில் என் விஷயத்தை நான் எழுதினேன், நேராக, ஸ்பீக்கர் சாக்கு தூக்கச் சாக்கு எதுவும் இல்லாமல்: ஒரு காதுக்காரி நான். உங்கள் கேமை ஆட ஆசை. காவல்காரன் எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படிச் சொல்வீர்கள்?

யாரோ முகம் தெரியாதவர்கள்தான் படிக்கப்போகிறார்கள். இருந்தும் அனுப்பும் பட்டனை அமுக்க விரல் வரவில்லை. நசீமா என் விரலைப் பிடித்து அமுக்கினாள்.

கீழேயே அவள் எழுதினாள்: "போன வாரம் வரை நான் இதற்கு எதிர்க்கட்சி. பயம் வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் பயம் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும். தேவைப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளட்டும், மற்றவர்கள் அணைத்துவிடட்டும்."

ஒருத்தன் உடனே எழுதினான், அப்படியென்றால் வேறு கேம் ஆடு என்று. அவனுக்கு நசீமா கொடுத்த பதில், பையருக்கு எழுதுகிற அதே மரியாதையான கம்பெனி இங்கிலீஷில். 'தங்கள் மேலான கருத்து கிடைக்கப்பெற்றோம், தரம் குறைவாக இருப்பதால் திருப்பி அனுப்புகிறோம்.' நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தோம்.

செப்டம்பர் 20, திங்கள்

வெயில், காற்று. இப்போதெல்லாம் பஸ் ஏறியதும் நசீமா இரண்டு கையையும் விரித்துப் பார்த்து எந்தப் பக்கம் உட்காருவது என்று முடிவு செய்கிறாள். வலது காதில் சொன்னதையெல்லாம் மறுபடி சொல்கிறாளாம். இன்றைக்குத் தீர்ந்தவை: அண்ணன் பைக்கில் விழுந்தது, பக்கத்து வீட்டு ஆடு, அம்மீயின் கண் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்து கண்ணாடியே மாற்றிவிட்டார்கள். இன்னா மனுஷி நான், விசாரிக்கவே இல்லை.

செப்டம்பர் 24, வெள்ளி

பதில் வந்துவிட்டது! கேமுக்குச் சத்தம் அமைக்கிற பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். எனக்கு எப்படிக் கேட்கிறது என்று விவரமாகக் கேள்விகள். அப்புறம் வருத்தமான செய்தி: வெளியீட்டுக்குள் சேர்க்க நேரமில்லை, பிறகு முயல்கிறோம். கடைசியில் ஒன்று: என் கடிதத்தை ஆபீஸில் சத்தமாகப் படித்தாளாம். கேமைச் சோதித்துப் பார்க்கிறவர்களில் ஒருவர் எழுந்து, எனக்கும் ஒரு காதுதான், நீங்கள் கேலி செய்வீர்கள் என்று சொல்லவில்லை என்றாராம்.

நசீமா திரும்பத் திரும்பப் படித்தாள். "எத்தினி பேர்டி இப்படித் தலையாட்டிக்கினு கீறீங்க?"

கேமில் வராது என்பதில் ஏமாற்றம்தான். ஆனாலும் மத்தியானம் ஒரு வடை அதிகமாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 5, ஞாயிறு

விடாத மழை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி, என்னை வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். இடது காதுதான் கேட்கும், எல்லாரும் என் இடப்பக்கம் வருகிற மாதிரி இதே இடம் போதும் என்று சொன்னேன். வாய்விட்டு. பாட்டு மாஸ்டர் "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நசீமா வீடு. அண்ணன் சென்னையிலிருந்து தி.பூ. வாங்கி அனுப்பிவிட்டார். முழு கேம்! அவள் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். "நீ ஆடு முதல்ல."

"நான் மாட்டிப்பேன்."

"உக்காருடி."

ஹெட்போனைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று இரண்டு தோளிலும் கை வைத்தாள். அதே சுங்க மாளிகை, அதே வராந்தா, அதே சந்திப்பு. எனக்கு ஒரு சத்தமும் இல்லை, வெளியே மழை மட்டும். வலது தோளில் ஒரு தட்டு. நின்றேன். காவல்காரன் விளக்கோடு வலப்பக்கத்திலிருந்து வந்து, என்னைத் தாண்டிப் போனான். வாழ்க்கையில் முதல்தடவை, அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வருவது எனக்கு முன்னாலேயே தெரிந்தது. கையெல்லாம் வேர்வை. நசீமா சொன்ன பயம் இதுதான் போலிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

சாவி. மாடிப்படி. இடது தோள், பதுங்கினேன். வலது, ஓடினேன். பெட்டகத்தின் முன்னால் நிற்கும்போது இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் படபடவென்று தட்டு.

"ரெண்டு பேரா வர்றாங்க?" என்று கத்தினேன்.

"இல்லடி, அம்மீ. டீ எடுத்துக்கோ."