கதவு திறந்தே இருக்கும்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நானும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் மொத்தக் கடைக்குப் போகிறோம். ஆமாம், இந்த மாதமும் ஒரே அரிசி மூட்டையை வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கத்தான் போகிறோம். "நாலு பேர் பார்க்க வாசல்ல தராசு வெச்சு அளப்பியா? என் மானம் போகுதுடி" என்று போன மாதம் கத்தியதையே நேற்றும் கத்தினீர்கள். அதற்குப் பயந்து அப்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அளந்தோம். இடமில்லாமல் கட்டிலுக்கடியில் சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளியது நான்தான். இனி வாசலில்தான் அளப்பேன்.

மானத்தைக் காப்பாற்ற, யாரோடும் பங்கு போடாமல் நீங்களே போய் வாங்கிவந்த சோப்புத்தூள் வாஷிங் மெஷினுக்கானது. இந்த வீட்டில் மெஷின் நான்தான். மாடிவீட்டு நர்ஸிடம் அதைக் கொடுத்து எண்ணெயாக மாற்றிக்கொண்டேன். "நல்லதாப் போச்சுக்கா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் அக்கா வந்தால் உட்காரச் சொல்லுங்கள். நாங்கள் வாசலில் அளப்பதை அவரும் பார்க்கட்டும்.

இன்னொன்று. மூட்டையைப் படியேற்ற ஒரு கை குறைகிறது. முதுகு வலித்தால் வராதீர்கள், நாங்களே தூக்கிவிடுவோம். வந்தால், கதவைச் சாத்தாமல் வாருங்கள்.