கப்பலில் வராத கதவு

பாசம் குறையாத, கோபமும் குறையாத என் அண்ணனுக்கு,

போன இரண்டாம் சனிக்கிழமை அருங்காட்சியகத்தில் உங்கள் படத்தைத் திறந்தார்கள். கூட்டம் நிறைய. நீங்கள் எப்போதும் நின்று பேசும் இடத்தில் படத்தை வைத்து ரோஜா மாலை போட்டிருந்தார்கள். கடைசியாக என்னைப் பேச அழைத்தார்கள். நான் பேசியதை வேறு யாரும் உங்களிடம் ஒழுங்காகச் சொல்லப்போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் நீங்கள். புதுக்கோட்டையில் ஒரு குடும்பத்தார் நடத்தும் அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு பேச்சு. ஒரு மாதம் ஜன்னல், மறுமாதம் நாற்காலி. அதற்கடுத்து, ரவிக்கையின் கை எப்படி நீண்டு, உப்பி, பிறகு சுருங்கியது என்று ஒரு மணி நேரம். கடைவீதி ஆட்களும் காலேஜ் பிள்ளைகளும் எழுந்து போகாமல் கேட்டார்கள். நன்றாகப் பேசினீர்கள், அதை நான் மறுக்கவில்லை. என் கோபமே அதில்தான்.

கோட்டைப்பட்டினத்தில் ஜைனம்பு என்பவரின் வீட்டு வாசல் கதவைச் சுவரில் படமாகக் காட்டினீர்களே, அந்தப் பேச்சு நினைவிருக்கிறதா? பினாங்கிலிருந்து வந்த கப்பல் ஒன்று நம் கரையில் உடைந்தது, அதன் தேக்குப் பலகையில் செய்த கதவு இது என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. நான் என் பத்திரிகையில் செய்தி எழுதினேன். தாசில்தார் சொன்னாலும் இன்னும் இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதாதவன் நான். அண்ணன் சொன்னதை ஒருவரிடமும் கேட்கவில்லை.

நீங்கள் போய் இரண்டு மாதம் கழித்து ஜைனம்பு போன் செய்தார். ஒருமுறை வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். போனேன். அடிப்பலகை உளுத்து உதிர்ந்திருந்தது. தாழ்ப்பாள் பிடிக்க மரமே இல்லை. படகு கட்டும் நைலான் கயிற்றால் உள்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார். மாமனார் காலமான பிறகு வீட்டில் அவரும் பன்னிரண்டாவது படிக்கும் மகளும்தான். கணவர் சவூதியில் இருக்கிறார். மாற்றுவதற்கு ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்து, இது பலா மரம், தேக்கும் இல்லை, கப்பலும் இல்லை என்றிருக்கிறார். கணவர் நம்பவில்லை. கதவைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"மியூசியத்துலயே சொல்லிட்டாங்க, பேப்பர்லயும் வந்துருச்சு, ஆசாரிக்கு என்ன தெரியும்ங்கிறாரு. கப்பல் கதவு உளுத்தாலும் கப்பல் கதவுதானாம். அங்கிட்டு ரூம்ல இருக்கவங்களுக்கெல்லாம் போட்டோவக் காட்டி வச்சிருக்காரு. இங்கிட்டு நானும் பிள்ளையும் கயித்தக் கட்டிட்டுப் படுக்கிறோம். நீங்க எழுதினதுதானண்ணே, நீங்களே சொல்லுங்க, நெசமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். கேள்வி கேட்டு எத்தனையோ பேரை விழிக்க வைத்திருக்கிறேன். அன்று நான் விழித்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் மேசையைத் திறந்தேன். அளவு நோட்டில் அந்தக் கதவு இரண்டு பக்கம். ஒவ்வொரு பலகையின் நீளம், கனம், பூவேலையின் ஆழம் எல்லாம் உங்கள் குண்டு எழுத்தில். அடியில், 'பலா. கறம்பக்குடியில் செய்து மாட்டுவண்டியில் வந்தது. வீட்டுப் பெரியவர் சொன்னது' என்று பேனாவில். அதற்கும் கீழே பென்சிலில் இரண்டே சொற்கள்: 'பினாங்கு. எடுபடும்.'

ஆக, தெரிந்தேதான் சொன்னீர்கள். தெரியாமல் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

படத்திறப்பில் அந்தப் பக்கத்தைத்தான் படித்தேன், பென்சில் எழுத்து உட்பட. கதவு பலா என்றும், நான் எழுதிய செய்தி தவறு என்றும் சொன்னேன். முன்வரிசையிலிருந்து உங்கள் தோழர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுந்தார்.

"மாலை இன்னும் வாடலையே தம்பி. அதுக்குள்ளயா?"

"அங்க கதவப் பூட்ட முடியலங்க சார்," என்றேன்.

சிலர் எழுந்து வெளியே போனார்கள். அண்ணியும் போனார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அதையும் உங்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

ஜைனம்பு கடைசி வரிசையில் இருந்தார். நான் வரச் சொல்லியிருந்தேன். அவர் கையிலிருந்த போனில் முதலிலிருந்தே வீடியோ கால் ஓடியிருக்கிறது. ஹால் அமைதியாக இருந்ததால் சவூதிக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப பினாங்கு இல்லையா?"

"இல்ல. கறம்பக்குடி," என்றார் ஜைனம்பு. "ஆசாரிய வரச்சொல்லவா?"

சவூதி அறையில் கூட இருப்பவர்களுக்கு இனி என்ன சொல்வது என்று கணவர் யோசித்திருப்பார், பாவம். பிறகு, "சொல்லு" என்றார்.

இப்போது அந்த வீட்டில் வேப்பமரக் கதவு. உள்ளே பெரிய தாழ்ப்பாள். மகள்தான் தினமும் போடுகிறாளாம். பழைய கதவை மீன் ஏற்றும் வண்டியில் நமக்கு அனுப்பிவிட்டார் ஜைனம்பு. "உங்க அண்ணன் ஆசப்பட்டது, நீங்களே வச்சுக்கங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். மீன் வாடை இன்னும் போகவில்லை.

உங்கள் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். உளுத்த பாகத்தை அறுத்தது போக மேல்பாதி நன்றாக இருக்கிறது. பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே மஞ்சள், தேன் நிறத்துக்குப் பக்கத்தில். யாரோ ஒரு கறம்பக்குடி ஆசாரி ஓரங்குலப் பூவில் ஒன்பது இதழ் வெட்டியிருக்கிறார். நீங்களும் ஒன்பது என்றே எண்ணி எழுதியிருக்கிறீர்கள்.

பலாவுக்கு என்ன குறைச்சல் அண்ணே? கறம்பக்குடிக்கு என்ன குறைச்சல்? இந்த ஒன்பது இதழைச் சொல்லியிருந்தால் கைதட்டியிருக்க மாட்டார்களா?

அருங்காட்சியகத்தார் கதவைக் கேட்கிறார்கள். தருகிறேன் என்றேன், பக்கத்தில் வைக்கும் அட்டையை நான்தான் எழுதுவேன் என்ற நிபந்தனையோடு. அதில் பலா இருக்கும், கறம்பக்குடி இருக்கும், அளவெடுத்தவர் என்று உங்கள் பெயர் இருக்கும். பினாங்கு இருக்காது. உங்கள் மற்ற பேச்சுகளின் நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் இரண்டு பேரிடமாவது கேட்பேன். சரியாக இருப்பதைச் சரி என்றே எழுதுவேன், வாக்குத் தருகிறேன். பென்சில் எழுத்து வரும்போதெல்லாம் உங்களைத் திட்டுவேன்.

உங்களை ஒருமுறை கேட்காமல் விட்ட,
உங்கள் தம்பி