காஞ்சொறி வேலி

வலங்கைமான்

அன்பு மகன் வளவனுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் மதிவதனியும் பிள்ளையும் அந்தக் குளிர் ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடு இரண்டு குட்டி போட்டது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. கொல்லையில் நான் வைத்த காஞ்சொறி வேலி முழுக்கப் படர்ந்துவிட்டது. ஊரே பிடுங்கி எறிகிற செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயே அம்மா என்று போனில் சிரித்தாய் அல்லவா, அதேதான். ஏன் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். உன் சித்தப்பா இளையபெருமாள் தன் புது வீட்டுக்குக் கார் போக நம் கொல்லையில் பாதியைக் கேட்டார், மாட்டேன் என்றேன். எல்லைக் கல் காணாமல் போனது. முள் வெட்டிப் போட்டேன், யாரோ கொளுத்திவிட்டார்கள். கம்பி கட்டினேன், அறுத்தார்கள். அப்புறம்தான் வாய்க்கால் கரையிலிருந்து காஞ்சொறியை வேரோடு கொண்டுவந்தேன். உன் அப்பா விட்டுப்போன முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நட்டேன். அப்படியும் மணிக்கட்டில் பட்டு அரித்துத் தடித்துப்போய், தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வெயில் காலத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினேன், ஆட்டுப் புழுக்கை போட்டேன், குச்சி நட்டுக் கொடியை ஏற்றிவிட்டேன். நாற்பது வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டேன், எனக்கென்று வைத்த பயிர் இது ஒன்றுதான். அதற்கப்புறம் ஒருவரும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

போன புதன்கிழமை சித்தப்பா வாசல் வழியாகவே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வளவனே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டான் அண்ணி, நீங்க மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறீங்க என்று சொல்லி, போனில் அந்தக் காகிதத்தைக் காட்டினார். உன் பள்ளிக்கூட நோட்டைப் பார்த்துத்தான் நான் எழுதவே பழகினேன், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா. தேதியையும் பார்த்தேன். பிப்ரவரி. நான் செடி நட்டது மார்ச்சில். நீ சிரித்தது ஏப்ரலில். எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு என்னைத் தண்ணீர் ஊற்ற விட்டிருக்கிறாய். வயிறு எரிகிறதடா. அந்த இடத்துக்குப் பட்டா வாங்க உன் அப்பா தாலுகா ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்தார், நம் குடும்பத்தில் நம் பெயருக்கு எழுதிய முதல் மண் அது. சித்தப்பாவாவது என்னிடம் வந்து கேட்டார். நீ கேட்கவே இல்லை. உன் பங்கை நீ கொடுத்துக்கொள். என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன், நான் போடப்போவதில்லை.

பிள்ளைக்குக் காதுவலி என்றாயே, காதை மூடிப் பள்ளிக்கூடம் அனுப்பு. மதிவதனியை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். வந்தால் வாசல் வழியாக வா. சின்ன வயசு ஞாபகத்தில் வாய்க்காலில் இறங்கிக் கொல்லைப் பக்கமாக வந்துவிடாதே. உனக்காக நான் அதை வைக்கவில்லை, ஆனால் அந்தச் செடிக்கு ஆள் தெரியாது.

இன்னும் கையெழுத்துப் போடாத உன் அம்மா,
காளியம்மாள்