உன் அறையில் சார்ஜ் போட்ட பேட்டரி

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெபாவுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் நலம். சரியாகச் சொல்வதென்றால் எங்கள் இருவருக்குமாக உள்ள நான்கு கைகளில் மூன்று முழு நலம், நான்காவது தேறிக்கொண்டு வருகிறது. அந்த நான்காவது கையால்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ அந்தக் குளிரில் ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரத்துக்குச் சாப்பிட்டுப் போகிறாயா, அந்த நாட்டு ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கு என்ன தெரியும். ஒன்றரை மாதமாக வீடியோ காலில் நான் போனை இடது கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். நீ நர்ஸ், கண்டுபிடித்துவிடுவாய் என்று ஒவ்வொரு தடவையும் பயம்தான். போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய், பாதிக் கதையை நான் விழுங்கிவிடுவேன். அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் துளசிராமன் மகள் நந்தினி வியாழக்கிழமை உங்கள் ஊருக்குப் படிக்கப் புறப்படுகிறாள், அவளிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் மில்லிலிருந்து ரிட்டையர் ஆனதும் டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னதும், நடந்தால் பஸ் ஸ்டாண்டு நாய்கள் என்னோடு சேர்ந்து ஓடியதும் உனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருந்த ஜப்பான் இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் எலெக்ட்ரிக் மலை சைக்கிளை விற்றுவிட்டுப் போனார். வாங்கியது யார் என்று கேட்காதே. நம் பக்கத்தில் மலை என்று சொல்ல இருப்பது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான், அதன் மேல் மோட்டாரைப் போட்டு ஏறி இறங்கிவிட்டு இமயமலை போய்வந்தவன் மாதிரி டீக்கடையில் உட்கார்ந்தேன். அதன்பிறகு சாமான் வாங்குகிற பைத்தியம் பிடித்தது. ஹெல்மெட், கையுறை, பின்னால் பஞ்சு வைத்த கால்சட்டை. அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய அன்று உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டது. வேலிக்காத்தான் முள் டயரைக் கிழிக்கிறதென்று டயருக்குள் ஊற்றுகிற வெள்ளைப் பால் ஒன்று வாங்கினேன், அது ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். காற்று அடிக்கும்போது அது டயருக்குள் போகாமல் என் முகத்திலும், கொடியில் காய்ந்த அம்மாவின் கம்பெனி யூனிஃபார்மிலும் அடித்தது. அந்த யூனிஃபார்மில் இன்றைக்கும் கறை இருக்கிறது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்கும் ஒன்று வாங்கினேன், பச்சை நிறம், நம் நாட்டுத் தயாரிப்பு. ஏன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் பாட்டில் மூடி செய்கிற கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் டிவியும்தான். ஞாயிற்றுக்கிழமையாவது இருவரும் சேர்ந்து பழவேற்காடு வரை போய் வரலாமே என்று ஒரு கனவு. அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது என்பது வாங்கிக்கொண்டு வந்து நிறுத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. முப்பத்து மூன்று வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கு! "யாரைக் கேட்டு வாங்குனீங்கோ? எனக்குன்னு சொல்லி உங்க ஆசையைத் தீத்துக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு, அதன் மேல் துணி காயப்போட ஆரம்பித்தாள்.

இரண்டு சைக்கிளை எங்கே வைப்பது? ஹாலில் வைத்தேன், சேறு. சுவரில் கொக்கி அடித்து மாட்டினேன், இருபத்து நாலு கிலோ, மறுநாள் கொக்கியும் சிமெண்டும் சைக்கிளும் ஒன்றாகக் கீழே வந்தன. கடைசியில் வீட்டுப் பக்கத்தில் தகர ஷெட் போட்டேன். கதவு இரண்டரை அடி, அளந்துதான் வைத்தேன். ஆனால் அளந்தது சீட்டை. ஹேண்டில்பார் கதவைவிட முக்கால் அங்குலம் அதிகம். உள்ளே வெளியே போக ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் எடுத்து ஹேண்டில்பாரைக் கழற்றித் திருப்ப வேண்டியதாகிவிட்டது. அதற்கும் ஒரு விலையுயர்ந்த ஸ்பேனர் செட் வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்.

இனிமேல்தான் நீ கத்த வேண்டிய இடம். ஜப்பான் சைக்கிளின் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஆரம்பாக்கம் ரோட்டில் பழைய பேட்டரிகளைப் பிரித்துப் புது செல் வைத்துத் தரும் ஆதிநாராயணனிடம் கொடுத்தேன். நன்றாகச் செய்து கொடுத்தார். கொடுக்கும்போதே, "நைனா, இது முப்பத்தாறு வோல்ட்டு. இதோட சார்ஜரைத் தவிர வேற எதையும் இதுல சொருவாதே, பேஜாராயிடும்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் முப்பது வருஷம் மில்லில் எலெக்ட்ரிக்கல் பார்த்தவன், கடைசிப் பன்னிரண்டு வருஷம் சேஃப்டி வகுப்பு எடுத்தவன், எனக்கே பாடமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த வாரமே அந்த சார்ஜர் ஒயரை எலி கடித்துவிட்டது. புதியது வர மூன்று வாரமாகும் என்றார்கள். அம்மா சைக்கிளின் சார்ஜர் சும்மாதானே இருக்கிறது, அது நாற்பத்தெட்டு வோல்ட், சொருகுகிற பின்னும் வேறு மாதிரி. நான் எலி கடித்த சார்ஜரின் பின்னை வெட்டி இதில் சால்டர் வைத்தேன். ஐந்தே நிமிடம். சார்ஜர் பின்களை ஏன் வேறு வேறு வடிவத்தில் செய்கிறார்கள், மாற்றிச் சொருகக் கூடாது என்பதற்குத்தான் என்று ஆயிரம் பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பேன் ஜெபா. இரண்டு சார்ஜர் வேலையை ஒன்றில் முடித்துவிட்டேன் என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

டிசம்பர் மழை, ஷெட்டுக்குள் தண்ணீர். அதனால் பேட்டரியை உன் அறையில், உன் படிக்கிற மேசை மேல் வைத்து சார்ஜ் போட்டேன். உன் அறை அதற்கு முன்பே டயரும் ட்யூபும் அட்டைப்பெட்டியுமாகக் குடோன் ஆகியிருந்தது, உனக்குச் சொல்லவில்லை, வீடியோவில் அந்தக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து அம்மா இறால் வறுத்துக்கொண்டிருந்தாள், நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் யாரோ பனிமலையில் சைக்கிள் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஜெபா அப்பா, நெயில் பாலிஷ் வாசனை வருது, இன்னா அது?" என்று அவள்தான் கேட்டாள். கதவைத் திறந்தால் அறை முழுக்கப் புகை, பேட்டரி குக்கர் மாதிரி சீறிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் நான் வகுப்பில் சொன்ன ஒரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் வரவில்லை. துண்டைச் சுற்றி அதைக் கையில் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியப் போனேன். ஜன்னலில் கம்பி. அந்தக் கம்பியை நான்தான் அடித்தேன். அப்போதுதான் அது பற்றிக்கொண்டது.

என்னைச் சட்டையோடு பின்னால் இழுத்தவள் உன் அம்மா. கதவை இழுத்துச் சாத்தினாள், மெயினை ஆஃப் செய்தாள், சமையலறை சிலிண்டரை மூடினாள், என் கையைக் குழாய்க்கடியில் பிடித்துவைத்துவிட்டு "துளசிண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஒரு நாள்கூட என் வகுப்பைக் கேட்காதவள். துளசிராமன் தன் வீட்டு மோட்டாரைப் போட்டு பைப்பை இழுத்துவந்து வெளி ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்தான், தீயணைப்பு வண்டி வருவதற்குள் பாதி அணைந்துவிட்டது. உன் கட்டிலும் மெத்தையும் மேசையும் போய்விட்டன. சர்டிபிகேட் இருந்த பீரோ வெளியில் கருகியது, உள்ளே எல்லாம் பத்திரம். நீ நர்சிங் படித்தபோது எழுதிய நோட்டுகள் மேசையிலேயே இருந்தன, அவை இல்லை. அதற்கு என்னை மன்னித்துவிடு.

வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி அன்புசெல்வன். எங்கள் மில்லில் வருஷாவருஷம் ஒத்திகைக்கு வருவார், என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். "சார், நீங்களா? இன்னா சார் ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "லைன்ல ஷார்ட்டாயிடிச்சிப்பா" என்று சொல்லிவிட்டாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நானும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். போன வருஷம் நம் வீட்டுக்குப் புது ஒயரிங் போட்டது துளசிராமன் என்பது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

கையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அவன் வந்தான். "அண்ணே, நான் போட்ட ஒயர்ல எங்க தப்புன்னு பாத்துடுறண்ணே. அந்த ரூமுல பொண்ணு இருந்துகினு இருந்தா இன்னா ஆயிருக்கும்" என்று சொல்லி உன் அறைச் சுவரைக் குடைந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வேலை சொல்லியிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், கட்டுப் பிரித்து மருந்து வைப்பாள், பேச மாட்டாள். அவள் பொய் சொன்னது பத்து நிமிடத்துக்கு, நான் அதைப் பதினாறு நாள் வைத்திருந்தேன். வேறெதற்கும் வெட்கப்படாதவன், பஞ்சு வைத்த கால்சட்டையோடு கடைத்தெருவுக்குப் போனவன், இதற்கு வெட்கப்பட்டேன்.

பதினேழாம் நாள் காலை, உருகிப்போன அந்தப் பின்னை எடுத்துக்கொண்டு துளசிராமன் வீட்டுக்குப் போனேன். முழுதும் சொன்னேன். அவன் அதை வாங்கி, நான் சால்டர் வைத்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பதினாறு நாளா நான் சரியா சாப்டலண்ணே" என்றான். என்னை உட்காரச் சொல்லவில்லை. அவன் கையோங்கியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அங்கிருந்து நேராகத் தீயணைப்பு நிலையம் போனேன். அன்புசெல்வன் கேட்டுவிட்டு, "சார், ரிப்போர்ட்ட நான் மாத்தி எழுதிக்குறேன். ஆனா நீங்க ஒண்ணு பண்ணணும், அடுத்த வாரம் சிப்காட்டுல எல்லா கம்பெனிக்கும் சேத்து ஒத்திகை கீது, இத அங்க வந்து சொல்லணும்" என்றார். தண்டனையா மரியாதையா என்று எனக்கு விளங்கவில்லை.

போனேன். முந்நூறு பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் மூடி கம்பெனி பெண்களோடு உன் அம்மா, அவர்களையும் அழைத்து வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் நான் வகுப்பெடுத்தபோது பாதிப்பேர் தூங்குவார்கள். அன்றைக்கு நான் கட்டைப் பிரித்துக் கையைக் காட்டி, பின்னைக் காட்டி, ஜன்னல் கம்பியைச் சொன்னபோது சிரித்தார்கள், துளசிராமன் சுவரைக் குடைந்ததைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒயரிங்கில் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று அவன் பெயரைச் சொல்லிச் சொன்னேன். என் சர்வீசில் நான் எடுத்த நல்ல வகுப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாயைத் திறந்தாள். யோவ் என்று ஆரம்பித்தாள், முப்பத்து மூன்று வருஷத்தில் என்னை யோவ் என்று கூப்பிட்டது அது நான்காவது தடவை. பின்னில் ஆரம்பித்து, அவளைக் கேட்காமல் வாங்கிய சைக்கிளுக்கு வந்து, நம் கல்யாணத்தில் என் அண்ணன் பேசிய பேச்சு வரை போனாள். நான் வாய் திறக்காமல் கேட்டேன், உள்ளுக்குள் சந்தோஷம். மறுநாள் துளசிராமன் தானாகவே வந்து, வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, வெளியே சார்ஜ் போடுவதற்கென்று சிமெண்டு மேடை கட்டி, அதன் மேல் இரும்புப் பெட்டியும் தானாக நின்றுவிடும் சுவிட்சும் வைத்துக் கொடுத்தான். என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம்தான் பேசினான். போன வாரம்தான் "அண்ணே, டீ குடிச்சியா" என்றான்.

சைக்கிள் இரண்டையும் விற்றுவிடலாம் என்று சொன்னேன். வள்ளூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஜப்பான் சைக்கிளை பேட்டரி இல்லாமலே எடுத்துப் போனார். பச்சை சைக்கிளில் கை வைத்தபோது அம்மா, "அது என்னுது. என்னைக் கேக்காம வாங்குனீங்கோ, கேக்காம விக்கவும் போறீங்களா?" என்றாள். அப்புறம் போன ஞாயிறு லாரி இல்லாத சிப்காட் ரோட்டில் நான் இடது கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இரண்டு தடவை விழுந்தாள், ஒரு தடவை என் மேலேயே விழுந்தாள். மூன்றாவது தடவை நான் எப்போது கையை விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மோட்டார் பட்டனை வேறு அழுத்திவிட்டாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள், ரோடு முடிகிற இடத்தில் ஒரு புள்ளி மாதிரி ஆகிவிட்டாள். நான் நடுரோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள், பிரேக் பிடிக்கத் தெரியாமல் காலை ஊன்றி நிறுத்தினாள், முகமெல்லாம் வேர்வை. "இன்னா அப்படியே நின்னுகினு கீறீங்கோ? நடங்க, நான் மெதுவா வரேன்" என்றாள். வீடு வரைக்கும் என் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, கட்டில் புதியது, மேசைக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். பெயிண்ட் நிறம் நீதான் சொல்ல வேண்டும், இனி இந்த வீட்டில் யாரையும் கேட்காமல் நான் எதுவும் வாங்குவதாக இல்லை. ஏப்ரலில் லீவு கிடைத்தால் வா. நந்தினிக்கு அந்த ஊர் புதிது, ஏர்போர்ட்டுக்குக் கண்டிப்பாக நீயே போ, முதல் வாரம் உன்னோடு வைத்துக்கொள், அவள் அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு அது. தடுப்பூசி, மாத்திரை எல்லாம் நீ சொல்லிக்கொடுப்பாய், எனக்குத் தெரிந்ததை மட்டும் நான் சொல்கிறேன், எதையும் தலைமாட்டில் சார்ஜ் போடாதே. ஆண்டவர் உன்னைப் போகையிலும் வருகையிலும் காப்பாராக, நல்ல உடம்பும் நிம்மதியான மனசும் தருவாராக. இதைப் படித்து முடித்ததும் போன் செய், கத்த வேண்டியதைக் கத்து, நான் வலது கையால் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
தாவீது